பொதுவில் விட்ட அறை

நடு ஹாலில் சுவர் எழுப்பினார்கள். வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் வைத்தார்கள். மொட்டை மாடியில் பச்சை பெயின்ட்டால் கோடு கிழித்து, இந்தப் பக்கம் உன் துணி, அந்தப் பக்கம் என் துணி என்று கொடிக்கயிறு வரைக்கும் பிரித்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து கையைத் தட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஞாபகம் வந்தது, மாடியில் உட்கார்ந்திருக்கும் ஏசி மெஷின் ஒன்றே ஒன்றுதான் என்று. அதைச் சுத்தியலால் இரண்டாக உடைக்க முடியாது. முடிந்திருந்தால் அதையும் செய்திருப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

அதை மாட்டிய மெக்கானிக்கையே கூப்பிட்டார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் அவர் முதல் முறை நுழைந்தபோது அவருக்கு மீசை கருப்பு. கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் கதகதப்பும் ஒரே மெஷினில் கிடைக்கிற ஏற்பாடு. மெஷினிலிருந்து இறங்கும் பெரிய தகரக் குழாய், டக்ட் என்பார்கள், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வீடு முழுக்கக் கிளை பிரிந்து ஓடும். ஒவ்வொரு அறையின் கூரையிலும் ஒரு காற்று வாய் இருக்கும். அந்த வீட்டில் எந்த மூலையில் கிளை வளைகிறது, எந்த இணைப்பில் டேப் பிய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

அவருக்குத் தொழிலில் ஒரு கர்வம் உண்டு. ரிப்பேர் பண்ணத் தெரிந்தவன் ஊருக்கு நூறு பேர் இருக்கிறான், வாயை மூடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பார். உண்மைதான். ஏசி மெக்கானிக் படுக்கையறை வரைக்கும் போகிறவன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஏணி போட்டு நிற்கிறவன். எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குத் தனித்தனி அறை, எந்த அலமாரிக்குப் பின்னால் பாட்டில் ஒளிந்திருக்கிறது, எல்லாம் கண்ணில் படத்தான் செய்யும். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் மூச்சு விட்டால் பிழைப்பில் மண் விழும். இருபத்தைந்து வருஷமாக அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சின்ன மெஷின் வாங்கிக்கொள்ளலாம், பழைய டக்ட்டை நடுவில் வெட்டி அவரவர் பக்கம் அடைத்துவிடலாம். இதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் கடைசி அறையில் இருந்தது. ஹாலில் எழும்பிய சுவர் நேராகப் போய், பின்பக்கத்து அறையின் வாசலில் பட்டென்று நின்றுவிட்டது. அந்த அறை யார் பக்கமும் இல்லை. பத்திரத்திலேயே பொது என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பொது அறையில்தான் அவர்களைப் பெற்ற தகப்பனார் இருந்தார்.

“வாங்க காத்துக்காரரே,” என்றார் பெரியவர். முதல் நாளிலிருந்தே அவர் வைத்த பெயர் அது. நல்ல உடம்போடு இருந்த காலத்தில் மெக்கானிக் ஏணியில் ஏறினால் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார். வேண்டாம் என்றாலும் விட மாட்டார். “நீங்க விழுந்தா உங்க வீட்டுக்காரம்மாவுக்கு யார் பதில் சொல்றது?” என்பார். இப்போது அவரைத்தான் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதயம் பலவீனம், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. டாக்டர் இரண்டு பிள்ளைகளையும் எதிரில் நிற்க வைத்து, “ரூம் எப்பவும் குளிர்ச்சியா இருக்கணும். இருபத்தாறு டிகிரியைத் தாண்டவே கூடாது. வெக்கையில போட்டு வச்சீங்கன்னா அப்புறம் என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க” என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அறையோ மேற்குச் சுவர் அறை. மதியம் இரண்டு மணிக்குமேல் அந்தச் சுவரில் கையை வைக்க முடியாது.

அந்த அறைக்கு எந்த மெஷினிலிருந்து காற்று போவது என்று மெக்கானிக் கேட்டதும் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள்.

“அவன் மெஷின் அந்த ரூமுக்குக் கிட்டக்க வருதுங்க,” என்றான் மூத்தவன்.

“அண்ணனோட மெஷின் கொஞ்சம் பெருசு. தாங்கும்,” என்றான் இளையவன். இரண்டு பேரும் மெக்கானிக்கைப் பார்த்துத்தான் பேசினார்கள். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்து ஏழு மாசம் ஆகியிருந்தது.

மெக்கானிக் ஒரு நாள் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு கிளை. இரண்டும் பெரியவர் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு தகரப் பெட்டியில் வந்து சேரும், அங்கிருந்து காற்று கீழே இறங்கும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு டேம்பர். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, குழாய்க்குள் திரும்புகிற ஒரு தகடு, வெளியே அதற்கு ஒரு கைப்பிடி. திருப்பினால் காற்று வரும், குறுக்கே நிறுத்தினால் நிற்கும். கைப்பிடிகள் அவரவர் பக்கத்து ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்தன. ஆளுக்குப் பாதி. தகராறு இல்லை. அந்தப் பெட்டிக்குப் பங்காளிப் பெட்டி என்று தனக்குள்ளேயே பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. ஒரு பக்கத்து மெஷின் ஓடி மறு பக்கம் ஓய்ந்திருந்தால், இந்தப் பக்கத்துக் குளிர் அந்தத் தகரப் பெட்டி வழியாக மறு வீட்டுக்குள் புகுந்துவிடும். அதைத் தடுக்க ஒருவழித் தகடு என்று ஒன்று உண்டு. கடையில் இல்லை, வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வெயிலோ அதற்குள் மண்டையைப் பிளந்தது. பெரியவர் இரும ஆரம்பித்திருந்தார். சரி, தகடு வந்ததும் போட்டுக்கொள்ளலாம், அண்ணன் தம்பிதானே, கொஞ்சம் குளிர் அங்கேயும் இங்கேயும் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று மெக்கானிக் வேலையை முடித்துவிட்டார். அண்ணன் தம்பிதானே என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் அந்த மனுஷனுக்குப் புத்தி மழுங்கிப்போனது. அந்நியர் வீடாக இருந்தால் தகடு இல்லாமல் வேலையை முடித்தே இருக்க மாட்டார்.

மூன்று வாரம் கழித்து மூத்தவன் கூப்பிட்டான்.

“மெஷின் ஓய்வே எடுக்க மாட்டேங்குதுங்க. காலையில போட்டா ராத்திரி வரைக்கும் ஓடிட்டே இருக்கு. கரண்ட்டைக் குடிக்குது.”

மெக்கானிக் போய் முறையாகப் பார்த்தார். ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினார். வெயில் படுகிற சுவரில் இருந்த, சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட்டை உள்சுவருக்கு மாற்றினார். டக்ட்டின் இணைப்புகளில் பழைய டேப்பை உரித்துப் புதிதாகச் சுற்றினார். இதெல்லாம் செய்தும் மெஷின் அடங்கவில்லை. கடைசியில் மேலே ஏறிப் பெட்டிப் பக்கம் கையை வைத்துப் பார்த்தவருக்கு விஷயம் புரிந்தது. தம்பி குடும்பம் பகலில் வீட்டில் இல்லை, அப்பாவுக்காகப் போட்டுவிட்டுப் போன மெஷினும் இங்கிருந்து போகிற குளிரில் பாதி நேரம் ஓடாமல் நின்றது. அண்ணன் வீட்டுக் குளிர் ஜாம் ஜாமென்று அங்கே போய்க்கொண்டிருந்தது.

ஏணியிலிருந்து இறங்கும்போதே வாய் தவறிச் சொல்லிவிட்டார். “கொஞ்சம் அந்தப் பக்கம் கசியுது சார். ஒரு தகடு வரணும், ரெண்டு வாரம்னாங்க, இன்னும் வரலை. வந்ததும் மாட்டிட்டா சரியாகிடும்.”

மூத்தவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “அப்போ ஆளே இல்லாத அவன் வீட்டுக்கு நான் ஏசி போட்டுக் குடுக்கிறேனா? அதான் நேத்து அவன் பெண்டாட்டி யார்கிட்டயோ போன்ல பீத்திக்கிறா, நாங்க சாயங்காலம் வந்து கதவைத் திறந்தா வீடு ஜில்லுனு இருக்குன்னு! மூடுங்க. உடனே மூடுங்க அதை.”

“மூடினா ஐயாவுக்கும் உங்க பக்கத்துக் காத்து நின்னுடும் சார்.”

“அவன் பக்கம் இருந்து வருதுல்ல? ஒரு ரூமுக்கு ஒரு பக்கம் போதாதா?”

“போதும் சார், ஆனா…”

“அப்புறம் என்ன? அப்பாவை அவன் விட்டுட மாட்டான். சின்ன வயசுல இருந்து அவன்தான் செல்லம். இப்பவாவது செய்யட்டுமே.” குரலைத் தாழ்த்தினான். “இது அவன் காதுக்குப் போகக் கூடாது.”

ஒரு பக்கத்துக் காற்றே அந்த அறைக்குப் போதும் என்பது கணக்குப்படி சரிதான். மெக்கானிக் ஏறினார், கைப்பிடியைத் திருப்பினார், இறங்கினார். தகடு வந்ததும் எல்லாவற்றையும் சரி பண்ணிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

நாலாம் நாள் இளையவன் கூப்பிட்டான். அவன் படித்தவன், கையில் குட்டி மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு எதையும் அளந்து பார்க்கிறவன்.

“போன வாரம் வரைக்கும் என் மெஷின் அடிக்கடி நின்னு நின்னு ஓடிச்சு. இப்போ ஒரேடியா ஓடுது. அப்பா ரூமோட மொத்த பாரமும் என் தலையில விழுந்த மாதிரி இருக்கு.”

மெக்கானிக்குக்கு நாக்கு வரை வந்தது. விழுந்த மாதிரி இல்லை சார், விழுந்தேவிட்டது என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகாதவர் ஆயிற்றே! சுவர் எழுந்த பிறகு அது இரண்டு வீடு. தொழில் தர்மம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

“அந்தக் கிளையை மூடிடுங்க,” என்றான் இளையவன்.

“வேண்டாம் சார்.”

“ஏன்?”

“ஐயாவுக்கு முடியாத உடம்பு. டாக்டரே சொல்லியிருக்கார்ல.”

“அண்ணன் பக்கம் இருந்து போகுதே? அவர் அப்பாவை விட மாட்டார். மூத்தவர்ங்கிற பேரு கெட்டுப் போயிடும்னு பயந்து சாவார். எனக்குத் தெரியாதா அவரை?” சிரித்தான். “காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடுங்க. அவர்கிட்ட மூச்சு விடாதீங்க.”

ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் விழிக்காத அண்ணன் தம்பிக்கு நடுவே மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை இதுதான். அப்பாவை அவன் விட மாட்டான் என்று இவன் நம்பினான், இவர் விட மாட்டார் என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கையிலேயே இரண்டு பேரும் நிம்மதியாக அப்பாவைக் கைகழுவினார்கள். இது தெரிந்த ஒரே ஆள் ஏணி மேல் நின்றார். கைப்பிடியில் கை வைத்தார். இளையவன் கீழே மீட்டரோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் திருப்பினார். நாளைக்கே மூத்தவனிடம் வந்து பேசி அந்தப் பக்கத்தைத் திறந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திருப்பினார்.

மத்தியானம் வீட்டில் தட்டில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மனைவி என்னவென்று கேட்டாள். அவருக்கு வருகிற போனையெல்லாம் எடுத்து, யார் வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று எழுதி வைப்பது அவள்தான். அவளிடம் மட்டும் அவர் எதையும் மறைத்ததில்லை. சொன்னார்.

“அடப்பாவிங்களா!” என்றாள். “பெத்த அப்பனுக்குக் காத்தை நிறுத்துவானுங்களா?”

“அதான் பாரு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி.”

“அவங்களை விடுங்க. ஏணி ஏறினது யாரு?”

“நான் வேலைக்குப் போற ஆளு. மூடச் சொன்னா மூடறேன், திறக்கச் சொன்னா திறக்கறேன். அவங்க வீட்டு விஷயத்துல நான் மூக்கை நுழைக்க முடியுமா?”

“கையை நுழைச்சீங்களே. மூக்கு நுழைஞ்சா மட்டும் தப்பாயிடுமா?” தண்ணீர்ச் செம்பை ணங்கென்று வைத்தாள். “நாளைக்குக் காலையில முதல் வேலையா அங்கே போறீங்க. நான் வேற யாரையும் எழுதலை.”

எழுதாமல்தான் வைத்தாள். ஆனால் அந்த ராத்திரியே வெயில் காலத்தின் உச்சம் ஆரம்பித்துவிட்டது. விடிவதற்குள் ஊரில் பாதி மெஷின் படுத்துவிட்டது. ஒரு வீட்டில் கைக்குழந்தை, இன்னொரு வீட்டில் ஆபரேஷன் முடிந்து வந்தவர், ஒரு மருந்துக் கடையில் ஃப்ரிட்ஜ் அறை. எல்லாரும் உயிர் போகிற மாதிரி கூப்பிட்டார்கள். சாப்பிட நேரமில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் ஓடியது. நேரம் இல்லாமல்தான் போகவில்லை என்று அவர் ஊரையெல்லாம் நம்ப வைக்கலாம். அந்தத் தெரு வழியாக ஒன்பது நாளில் நாலு தடவை வண்டியில் போனவருக்கு உள்ளுக்குள் தெரியும், மூத்தவனிடம் போய் எந்த முகத்தோடு பேச்சை எடுப்பது என்ற கூச்சம்தான் அது. தன் தொழில் சுத்தம் கெட்டுவிடக் கூடாது என்ற வீம்பும்தான்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வெளியூரில் இருக்கும் பெரியவரின் மகள் போன் பண்ணினாள். “அப்பா போன்ல பேசவே திணறறார்ங்க. ரூம்ல காத்தே வரலையாம். அண்ணனைக் கேட்டா தம்பி மெஷின்ல கோளாறுங்கிறார். தம்பியைக் கேட்டா அண்ணன் பக்கம் அடைப்புங்கிறான். நான் பஸ் பிடிச்சு வந்து சேர நாளைக்கு ஆயிடும். தயவுசெஞ்சு ஒரு நடை போய்ப் பாருங்க.”

அவர் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடினார்.

பின்பக்கத்துச் சந்து வழியாகப் போய்க் கதவைத் தள்ளினார். அடுப்படிக் கதவைத் திறந்தால் முகத்தில் அறையுமே, அப்படி அறைந்தது சூடு. கட்டில் காலியாக இருந்தது. பெரியவர் கீழே, தரையில், ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். துண்டு பாதி காய்ந்துவிட்டது. உதடு வெடித்திருந்தது. மெக்கானிக் பையிலிருந்த வெப்பமானியை எடுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு.

“வாங்க காத்துக்காரரே.” எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. “என்னமோ அடைச்சுக்கிச்சு போல. மூத்தவன்கிட்ட சொன்னேன், இளையவன்கிட்ட கேளுங்கன்னான். இளையவன்கிட்ட சொன்னேன், அவன் அண்ணனைக் கேக்கச் சொன்னான். ரெண்டு பேரும் நல்லபடியாத்தான் பதில் சொன்னாங்க, கோவப்படலை. அப்புறம் உங்களைக் கூப்பிடலாமான்னு பார்த்தேன். சீசன் ஆச்சே, உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.”

 மெக்கானிக்குக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. துண்டை நனைத்துப் பிழிந்து போட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், தோளைப் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார். உடம்பில் கனமே இல்லை. பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு நேராக மூத்தவன் வீட்டுக்குப் போனார். யாரையும் கேட்கவில்லை. ஹாலில் ஏணியைப் போட்டு மேலே ஏறிக் கைப்பிடியைத் திருப்பினார்.

“என்னங்க பண்றீங்க? யார் திறக்கச் சொன்னா?” என்று மூத்தவன் உள்ளேயிருந்து வந்தான்.

இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக மெக்கானிக் வாயைத் திறந்தார். “ரெண்டு பக்கமும் மூடியிருக்கு சார். உங்க தம்பியும் மூடச் சொன்னார். பத்து நாளா ஐயாவுக்கு ஒரு பக்கத்துக் காத்தும் இல்லை. ரூம் முப்பத்தெட்டுல கொதிக்குது.”

மூத்தவன் பதறுவான், ஐயோ அப்பா என்று ஓடுவான் என்றுதான் மெக்கானிக் எதிர்பார்த்தார். மூத்தவன் பதறத்தான் செய்தான். ஆனால் பதறியது வேறு விஷயத்துக்கு.

“அவனும் மூடினானா? பாத்தீங்களா, பாத்தீங்களா அவன் யோக்கியதையை! பெத்த அப்பன்னுகூடப் பார்க்காம! நான் அவனை எவ்வளவு நம்பினேன்!”

“சார், நீங்களும்தான்…”

“நான் அவன் இருக்கான்னு நம்பி மூடினேங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?”

அவனோடு மல்லுக்கட்ட நேரம் இல்லை. மெக்கானிக் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். அங்கேயும் ஏறினார், திறந்தார், அதையே சொன்னார். இளையவன் கையிலிருந்த செல்போனைச் சோபாவில் எறிந்தான். “அண்ணனா? அண்ணனா அப்படிப் பண்ணினார்? ஊருக்கெல்லாம் மூத்த பிள்ளைன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் திரியறாரே, இதுதான் லட்சணமா?” என்றான். முகத்தில் வெட்கம் என்று மருந்துக்குக்கூட இல்லை. இத்தனை மாசமாகத் தேடிக்கொண்டிருந்த சாட்சி கையில் கிடைத்த சந்தோஷம்தான் தெரிந்தது.

மெக்கானிக் பின்பக்கத்து அறைக்கு ஓடிவந்தார். இரண்டு பக்கத்துக் காற்றும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தார். நல்ல குளிர்ச்சி, நல்ல வேகம். பெரியவர் கண்ணை மூடி முகத்தை அண்ணாந்து காட்டிக்கொண்டிருந்தார். மார்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக ஏறி இறங்கியது.

“அப்பாடா,” என்றார். “என்ன கோளாறு?”

“ஒரு தகடு திரும்பியிருந்துச்சு ஐயா. சரி பண்ணிட்டேன்.”

அப்போதுதான் மேலேயிருந்து சத்தம் வந்தது.

முதலில் மெக்கானிக்குக்கு எங்கிருந்து என்று பிடிபடவில்லை. அப்புறம் தலையில் இடி விழுந்த மாதிரி உறைத்தது. பத்து நாளாக இரண்டு தகடும் மூடிக் கிடந்தன, அதற்கு முன்னால் அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. இப்போது இரண்டும் திறந்திருந்தன. அண்ணன் தன் ஹாலில் காற்று வாய்க்கு நேர் கீழே நின்று மேலே பார்த்துக் கத்துகிறான். அது டக்ட்டில் ஏறித் தம்பி வீட்டுக்குப் போகிறது. தம்பி அங்கிருந்து பதிலுக்குக் கத்துகிறான். போகிற பேச்சும் வருகிற பேச்சும் நடுவில் இருக்கிற பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். பெட்டியின் வாய் பெரியவர் தலைக்கு மேல் இருந்தது.

“கேக்குதாடா? பெத்தவரைப் புழுங்க விட்டவன்டா நீ!”

“நீங்க மட்டும் விசிறி வீசினீங்களோ?”

“ராத்திரி முழுக்க அவர் இருமறது என் பக்கம்தான்டா கேக்குது. நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?”

“அப்போ முழுசா நீங்களே வச்சுக்குங்க!”

“நான் ஏன் வச்சுக்கணும்? பத்திரத்துல பொதுன்னுதானே எழுதியிருக்கு?”

“பொதுன்னு எழுதினது எதுக்கு? ஆறு மாசம்தான் தாங்கும்னு டாக்டர் சொன்னதால எழுதினது. இந்நேரம் ரூம் காலியாகி, நடுவுல சுவர் எழுப்பி முடிச்சிருக்கணும்!”

“அதை என்கிட்ட ஏன்டா சொல்றே? அவர்கிட்டப் போய்ச் சொல்லு!”

மெக்கானிக் இரண்டு கையையும் தூக்கிக் காற்று வாயைப் பொத்தப் பார்த்தார். எட்டவில்லை. கட்டில் மேல் ஏறலாம் என்றால் பெரியவர் படுத்திருக்கிறார். வாசலுக்கு ஓடிக் கத்தலாமா என்று திரும்பினார். அதற்குள் பெரியவர் அவர் சட்டை நுனியைப் பிடித்துவிட்டார்.

பெரியவர் அழவில்லை. கேட்டதை நிதானமாக மென்று விழுங்கியவர் போல இருந்தார்.

“ரெண்டு பேரும் தனித்தனியா உங்களை மூடச் சொன்னாங்களா?”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். “தப்பு என்னோடது ஐயா. நான் சொல்லியிருக்கணும். முதல் நாளே சொல்லியிருக்கணும்.”

“ம்.” மேலே சுவரைப் பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருந்தது, எந்தப் பக்கம் ஒரு சாண் கூடுதல் என்று. “மூடிடுங்க காத்துக்காரரே.”

“ஐயா?”

“ரெண்டையும்.”

“என்ன ஐயா சொல்றீங்க? சாயங்காலத்துக்குள்ள மறுபடி ரூம் கொதிச்சுடும். உங்க உடம்பு தாங்காது.”

“காத்து வந்தா இதுவும் சேர்ந்து வருதே. இதைக் கழிச்சிட்டுக் காத்தை மட்டும் விட உங்ககிட்ட ஏதாவது தகடு இருக்கா?”

இல்லை. ஒருவழித் தகடு காற்றைத்தான் ஒரு வழியில் நிறுத்தும். பேச்சை நிறுத்துகிற தகடு எந்தக் கடையிலும் கிடையாது. மெக்கானிக் கட்டிலின் ஓரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

“இந்த டக்ட்டே வேண்டாம் ஐயா. இதை அடைச்சுடறேன். என்கிட்ட சின்னதா ஒரு மெஷின் இருக்கு, ஜன்னல்ல வைக்கிறது. இப்பவே வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரேன். நானே மாட்டிவிடறேன், யாரும் ஒண்ணும் தர வேண்டாம். யாரையும் கேக்கவும் வேண்டாம்.”

பெரியவர் அவர் முகத்தையே பார்த்தார். கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது.

“அதுக்குக் கரண்ட் எந்தப் பக்கத்துல இருந்து எடுப்பீங்க?”

 அந்த அறைக்குத் தனி மீட்டர் இல்லை. இருந்த ஒரு விளக்குக்கு இந்தப் பக்கத்துக் கரண்ட், ஒரு மின்விசிறிக்கு அந்தப் பக்கத்துக் கரண்ட்.

“போங்க,” என்றார் பெரியவர். “மக நாளைக்கு வந்துடுவா. அதுவரைக்கும் துண்டு இருக்கு.”

மெக்கானிக் வெளியே போய்ச் சந்தில் சாய்த்துவிட்டு வந்த ஏணியை எடுத்தார். மூத்தவன் ஹாலில் போய்ப் போட்டார். மூத்தவன் கத்தலை நிறுத்தாமல் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டான், எதற்கு ஏறுகிறார் என்று கேட்கவில்லை. அங்கே திருப்பிவிட்டு இறங்கி, இளையவன் வீட்டுக்குப் போய் அங்கேயும் ஏறினார்.  தகடு குறுக்கே விழுந்த ஓசை குழாய்க்குள் ஓடிப் போய் அடங்கியது.

பின்பக்கத்து அறைக்குத் திரும்பி வந்தபோது அங்கே ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. மேற்குச் சுவரில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பெரியவர் நனைத்த துண்டை எடுத்துத் தானே மார்பில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

“இப்பதான் நல்லா இருக்கு,” என்றார்.